வெறும் மண் தெரிய வேண்டும்

ஜூன் 4

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நானும் மாடும். நீ, அண்ணி, பாப்பா எப்படி? உன் முழங்கால்?

ஃபோன் வேண்டாம், எழுதிக்கொள்ளுங்கள் என்று அண்ணி சொன்னது சரிதான். நாம் பேசினால் "சாப்பிட்டியா" தாண்டியதும் சண்டை. கடிதத்தில் கத்த முடியாது. கத்தினாலும் போய்ச் சேர்வதற்குள் ஆறிவிடும்.

விஷயம் இதுதான். போன வருடம் ஒரு மூலையில் மட்டும் கலந்து விதைத்தேன். இந்த வருடம் நிலம் முழுவதும். மக்காச்சோளம், சோளம், துவரை, தட்டைப்பயறு, பூசணி. முன்னறைத் தரையில் சாக்பீஸால் வரிசை போட்டு, எது பக்கத்தில் எது என்று விதைகளை வைத்துப் பார்க்கிறேன். மாற்றி வைக்கிறேன். நடந்தால் காலில் ஒட்டுகிறது.

போன அறுவடையின் காய்ந்த தட்டையை எரிக்கவில்லை. மண்மேல் மூடாக்காகக் கிடக்கிறது. உழவும் இல்லை. கம்பியால் குத்தித்தான் விதை. பயிற்சி வகுப்பில் இதற்கு வேளாண் சூழலியல் என்று பெயர். பெயர் நீளம். வேலை, குனிவது.

பக்கத்து நிலத்து ரேடியோ சித்தப்பா வரப்பில் நின்று பார்த்தார். அவர் இன்னும் நிறுத்தாமல் பேசுகிறார்.

"என்னம்மா இது, வயலா கதம்பமா? ஒரு வயலுக்கு ஒரு பயிர்தாம்மா. வீட்டுக்கு ஒரு மருமக மாதிரி."

"உங்க வீட்ல அந்த ஒரு மருமகளும் நிக்கலையே சித்தப்பா."

அன்று மட்டும் ரேடியோ நின்றது.

நிலம் உன் பெயரில் இருக்கிறது. அதனால் கேட்கிறேன். கேட்கிறேன் என்பதைவிட, சொல்கிறேன்.

அண்ணிக்கு என் அன்பு. பாப்பாவுக்கு முத்தம்.

தங்கை


ஜூன் 15

தங்கைக்கு,

மூவரும் சுகம். முழங்கால் படியேறும்போது மட்டும் வலிக்கிறது. ஆபீஸ் நான்காவது மாடி. அண்ணிக்கு ஒற்றைத் தலைவலி வந்து போயிற்று. உன் முதுகு எப்படி? நீ எழுதவில்லை. எழுதாததாலேயே கேட்கிறேன்.

நான் கத்தப் போவதில்லை. என் மேஜையைப் பற்றிச் சொல்கிறேன். என் திரையில் ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு கட்டம். கட்டத்துக்குள் ஒரு பயிரின் பெயர். ஒன்றுதான் எழுதலாம். இரண்டாவது எழுதினால் சிவப்பாகிவிடும். கலப்புப் பயிருக்கு எங்கள் கம்பெனியில் காப்பீடு கிடையாது. "எது போச்சு, எது நிக்குதுன்னு எவன்யா எண்ணிட்டு இருப்பான்?" என்கிறார் மேனேஜர். அவர் கேட்பதிலும் தப்பில்லை.

நேற்று ஒரு வயலைப் பார்க்கப் போனேன். ஆலங்கட்டி மழை. இலை ஒன்றுகூட முழுசாக இல்லை. நிலத்துக்காரர் என்னைக் கண்டதும் நாற்காலியைத் துண்டால் துடைத்துப் போட்டார். தண்ணீர் கொடுத்தார். இழந்தவர் அவர். உபசாரம் எனக்கு. இழப்பு எவ்வளவு என்று எழுதிவிட்டு எழுந்தேன். என் தொழில் அது.

அப்படி ஒரு நாற்காலியில் உன் எதிரே நான் உட்கார மாட்டேன்.

மக்காச்சோளம் மட்டும் போடு. இந்த ஒரு வருடம். என் பெயரில் பதிந்துவிடுகிறேன். வெயிலோ வெள்ளமோ எது வந்தாலும் ஒரு பிடிமானம் இருக்கும். அதற்கப்புறம் நீ என்ன வேண்டுமானாலும் கலந்துகொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்


ஜூன் 24

அன்புள்ள அண்ணனுக்கு,

அண்ணியின் தலைவலி தேவலையா? என் முதுகு என் பின்னால் இருக்கிறது. அதன் முகத்தைப் பார்த்து நாளாயிற்று.

விதைத்துவிட்டேன். உன் கடிதம் வருவதற்கு முன்பே. கொஞ்சம் அவசரப்பட்டேன். நீ என்ன எழுதுவாய் என்று தெரியும்.

உன் காப்பீடு பயிர் செத்த பிறகு வருகிறது. நான் சாகாமல் இருக்கப் பார்க்கிறேன். எல்லாமும் பிழைக்கும் என்று சொல்லவில்லை. எல்லாம் ஒரே நாளில் சாகக்கூடாது. என் பேராசை அவ்வளவுதான்.

உனக்கு விளங்கும்படி சொல்கிறேன். பூக்கிற நேரத்தில் வெயில் கூடினால் மக்காச்சோளம் தாங்காது. சோளம் தாங்கும், வளர்வதை நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். தட்டைப்பயறு மண்ணுக்குத் தீனி போடும். பூசணி இலை மண்ணுக்கு நிழல். துவரை வேர் கீழே இறங்கி, மற்றவை எட்டாத ஈரத்தைத் தேடிக்கொள்ளும். ஒன்று விழுந்த இடத்தில் இன்னொன்று நிற்கும். உரத் தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்த அத்தனை வருடமும் மண்ணைக் குப்பியில் போட்டுக் குலுக்கினேன். அதில் என்ன இருக்கிறது என்று மட்டும்தான் பார்த்தேன். யார் இருக்கிறார்கள் என்று இப்போதுதான்.

நாற்காலி பற்றி எழுதியிருந்தாய். இரண்டு முறை படித்தேன்.

நீ எப்போது வருவாய் என்று கேட்பதை விட்டுவிட்டேன். கவனித்தாயா?

தங்கை


ஜூலை 10

தங்கைக்கு,

இங்கே சுகம். பாப்பாவுக்கு முன்பல் விழுந்துவிட்டது. யாரோடும் பேச மாட்டேன் என்கிறாள்.

நீ செய்தது சரி என்று சொல்லவில்லை. ஆனால் இனி அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குக் கவலையும் இல்லை. உண்மையாகவே இல்லை. இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறேன்.

மக்காச்சோளம் எந்தத் தேதியில் விதைத்தாய்? சும்மாத்தான் கேட்கிறேன்.

அண்ணி உன்னை விசாரித்தாள்.

அண்ணன்


ஜூலை 27

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். உன் கடிதத்தில் கோபம் இல்லை. பயமாக இருந்தது. உடம்பு சரியில்லையோ என்று நினைத்தேன்.

மக்காச்சோளம் ஜூன் பதினெட்டு. உனக்கு எதற்கு?

பாப்பாவிடம் சொல், எனக்கும் ஒரு பல் ஆடுகிறது. நான் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். மாட்டிடம்.

வயலைப் பார்த்தால் உனக்குத் தலை சுற்றும். வரிசை இருக்கிறது, ஆனால் குனிந்தால்தான் தெரியும். மேலிருந்து பார்க்கிறவர்களுக்குக் காடு. நேற்று மத்தியானம் ரேடியோ சித்தப்பாவின் வயலில், இரண்டு செடிகளுக்கு நடுவே, மண்ணில் கை வைத்தேன். வைத்திருக்க முடியவில்லை. இங்கே வந்து பூசணி இலைக்கு அடியில் வைத்தேன். எடுக்க மனமில்லை.

அவரையும் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். வைத்தார். "ஈரமா இருக்கு. இதுக்கு என்ன அடிச்ச?"

"ஒண்ணும் அடிக்கல."

"சொல்லாட்டிப் போ."

காற்று மட்டும் இரண்டு நாளாக வேறு திசையிலிருந்து வருகிறது. சூடாக.

அண்ணிக்கும் பாப்பாவுக்கும் என் அன்பு.

தங்கை


ஆகஸ்ட் 22

தங்கைக்கு,

நலமா? உன் கடிதம் வந்து நாளாகிறது. உங்கள் பக்கத்து வெப்பநிலை தினமும் என் திரையில் வருகிறது. எண்களைப் பார்க்கிறேன். எண்ணில் நீ இல்லை.

இந்த வருடம் மக்காச்சோளம் போட்டவர்கள் எல்லாரும் ஃபோன் செய்கிறார்கள். நீ செய்யவில்லை. நான் "அப்பவே சொன்னேன்" என்று சொல்வேன் என்று நினைக்கிறாயா? சொல்ல மாட்டேன்.

ஒரு வரி போதும்.

செப்டம்பர் 1

மேலே உள்ளதைத் தபாலில் போடவில்லை. சட்டைப்பையில் இருந்தது. இன்று போடுகிறேன். இந்த வாரம் ஆபீசிலிருந்து ஒருவர் அங்கே வருவார். பயப்படாதே. அவர் சொல்கிறபடி செய். விவரம் பிறகு.

அண்ணன்


செப்டம்பர் 8

அண்ணனுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் ஆபீஸ் தொப்பிக்காரர் வந்தார். உன் கல்யாணத்தில்கூடத் தொப்பியைக் கழற்றாத அதே ஆள். உன் கடிதம் அவர் வந்து போன மறுநாள்தான் வந்தது.

அவர் வரப்பில் நின்றார். கையிலிருந்த தாளைப் பார்த்தார். வயலைப் பார்த்தார். மறுபடி தாள்.

"மக்காச்சோளம்னு போட்டிருக்கே."

"எங்க போட்டிருக்கு?"

"உங்க அண்ணன் பதிஞ்சிருக்காரு. ஜூன் பதினெட்டு விதைப்பு. தனிப்பயிர். பிரீமியம்கூடக் கட்டியாச்சு."

அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. நீ நன்றாகத் தூங்கியதும் புரிந்தது.

மக்காச்சோளம் போய்விட்டது, அண்ணா. இதைத்தான் எழுதாமல் இருந்தேன். ஆண்பூ விரிந்த வாரம் அந்தக் காற்று. மகரந்தம் தூளாக உதிர்ந்தது. கதிரை உரித்தால் பொக்கை வாய். ரேடியோ சித்தப்பாவின் வயல் முழுவதும் அப்படி. அவர் இரண்டு வாரமாகப் பேசவில்லை.

ஆனால் என் வயலில் மற்றது நிற்கிறது. சோளம் பால் பிடிக்கிறது. துவரை மொட்டு. தட்டைப்பயறு காய்த்துத் தொங்குகிறது. பூசணி உன் பாப்பா தலை அளவுக்கு உருண்டு கிடக்கிறது. நான் உனக்கு எழுதியது பொய்யில்லை. பாதி செத்தது, பாதி நிற்கிறது. அதை எழுதத்தான் நல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன்.

தொப்பிக்காரர் ஒரு தட்டைப்பயற்றைப் பறித்து மென்றபடி சொன்னார்: "நான் கெட்டவன் இல்லம்மா. ஆனா படம் எடுத்தாகணும். வெப்பம் அடிச்ச பகுதி முழுக்க, நீங்க கேட்டாலும் கேக்காட்டியும் பாத்தே ஆகணும். இப்ப எடுத்தா படத்துல அஞ்சு பயிர் நிக்கும். ஆபீஸ்காரரே பொய்ப் பதிவு போட்டாருன்னு ஆகும். அண்ணன் வேலை போயி அன்னைக்கே வீட்டுக்கு வந்துடுவாரு."

"வேற வழி?"

"முழு இழப்புன்னு எழுதணும்னா அறுக்கிற மாதிரி எதுவும் நிக்கக் கூடாது. மக்காச்சோளத்த மட்டும் விட்டா நடுவுல இடைவெளி காட்டிக் குடுத்துடும், எல்லாத்தையும் உழுதுடுங்க. குப்பை, தழை எதுவும் கிடக்கக் கூடாது. படத்துல வெறும் மண் தெரியணும். நான் மத்த வயலெல்லாம் முடிச்சிட்டு இருபத்தொண்ணாம் தேதி வரேன்."

போகும்போது தொப்பியைக் கழற்றினார். தலையில் முடியே இல்லை. அதை ஏன் உனக்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

நிலம் உன் பெயரில். பதிந்தது நீ. என்ன செய்ய வேண்டும் என்று நீயே எழுது. ஃபோன் செய்யாதே. உன் எழுத்தில் வேண்டும்.

தங்கை


செப்டம்பர் 13

தங்கைக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நலம் விசாரிக்கிறேன். நலமா?

உனக்குத் தெரியாமல் செய்தேன். தெரிந்தால் விடமாட்டாய். அப்பாவின் பயிர் முழுவதும் அழிந்த வருடம் நீ சின்னப் பெண். அவர் நிலத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. தினமும் காலையில் கிளம்பிப் போய், ஒன்றுமில்லாத வயலில் ஒரு வேலையும் செய்யாமல் நின்றுவிட்டு, சாயங்காலம் கால் கழுவிக்கொண்டு உள்ளே வருவார். நான் இந்த வேலைக்கு வந்தது அதனால்தான். உன்னை ஒரு கட்டத்துக்குள் எழுதி வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

உன் வயலில் பாதி நிற்கும் என்று நான் நினைக்கவே இல்லை. எனக்கு அது தெரியாது. நான் பார்த்ததெல்லாம் முழுசாகச் செத்த வயல்கள். நின்ற வயலுக்கு யாரும் என்னைக் கூப்பிட்டதில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். உழுதுவிடு.

வீட்டு வாடகை, பாப்பாவின் பள்ளிக்கூடம், அண்ணியின் வைத்தியம் எல்லாம் இந்த ஒரு வேலையில் தொங்குகிறது. வேறு எந்தக் கம்பெனியும் பொய் எழுதியவனை எடுக்காது. பறிக்க முடிந்ததைப் பறித்துக்கொள். மீதியை உழுதுவிடு. ஒரு பருவம்தானே.

இதைக் கேட்க எனக்கு வாயில்லை. அதனால்தான் கையால் எழுதச் சொன்னாய் என்று நினைக்கிறேன்.

அண்ணன்


செப்டம்பர் 20

அண்ணனுக்கு,

உழுதாயிற்று.

உன் வேலையையும் என் வயலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். வயலை மறுபடி விதைக்கலாம் என்று தோன்றியது.

தட்டைப்பயற்றை முடிந்தவரை பறித்தோம். ரேடியோ சித்தப்பா வந்து கூடப் பறித்தார். ஏன் என்று கேட்கவில்லை. பூசணி இன்னும் முற்றவில்லை, மாட்டுக்கு ஆயிற்று. சோளமும் துவரையும் அப்படியே நின்றன. மூடாக்கை வாரி வரப்புக்கு வெளியே தள்ளினேன்.

டிராக்டர் டிரைவர் இறங்கி வந்து கேட்டார். "எதைக்கா உழணும்?"

"எல்லாத்தையும்."

"காய் நிக்குதேக்கா."

"தெரியும்."

"வீட்ல யாருக்காச்சும் ஏதாவது ஆயிடுச்சா?"

"ஆகாம இருக்கத்தான்."

அவர் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். பிறகு ஓட்டினார்.

மண்ணைப் புரட்டியபோது புழுக்கள் வெளியே வந்தன. நிறைய. பறவைகளுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள் போல.

படம் நாளை எடுப்பார். நன்றாக வரும். வெளிச்சம் நன்றாக இருக்கிறது.

அண்ணி நலமாக இருக்கட்டும்.

தங்கை


அக்டோபர் 18

தங்கைக்கு,

நாங்கள் சுகம். சுகம் என்று எழுதக் கூசுகிறது. ஆனால் சுகம்.

படம் என் மேஜைக்கு வந்தது. சொந்த நிலம் என்பதால் மேலே அனுப்பினேன், மேனேஜர் கையெழுத்துப் போட்டார். "சுத்தமான கேஸ்யா. இப்படி இருந்தா வேலை சுலபம்" என்றார். படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் உன் நிழல் விழுந்திருக்கிறது. கைகட்டி நிற்கிறாய்.

தொகை என் பெயரில் வந்தது, உன் கணக்குக்கு மாற்றிவிட்டேன். நன்றி என்று எழுதிப் பார்த்தேன். அந்த இடத்தில் நிற்கவில்லை அந்தச் சொல்.

இந்த மாதம் மழை உண்டு என்கிறார்கள். நல்லதுதானே? அடுத்ததை விதைக்கலாம்.

பதில் எழுது.

அண்ணன்


நவம்பர் 6

அண்ணனுக்கு,

நான் இருக்கிறேன். மாடும்.

மழை வந்தது. ஒரு மாதத்து மழை ஒரே சாயங்காலத்தில். நின்று பார்த்தேன். வெறும் மண். பிடித்துக்கொள்ள ஒரு வேர் இல்லை, மேலே விழுகிற துளியைத் தாங்க ஓர் இலை இல்லை. முதலில் தண்ணீர் தேங்கியது. அப்புறம் வரப்பு உடைந்தது. பழுப்பாகப் போயிற்று. தண்ணீர் போகிறது என்று நினைத்தேன். நிலம் போய்க்கொண்டிருந்தது.

மேல்மண் முழுக்கப் போய்விட்டது. நடுவில் சரளைக்கல் தெரிகிறது. டிராக்டர் திரும்ப முடியாத மூலையில் மட்டும் கொஞ்சம் மூடாக்கும் சில துவரைச் செடிகளும் மிச்சம் இருந்தன. அங்கே மண் நகரவில்லை. அதைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி விதைக்கலாம் என்று எழுதியிருந்தேன். எதில்?

பயிர் போனால் உங்களிடம் கட்டம் இருக்கிறது. மண் போனால் இருக்கிறதா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

இந்த இடத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறேன். அடித்தது தெரியும். தெரியட்டும்.

மண் எங்கேயும் மாயமாகவில்லை. கீழ்ப்பள்ளத்திலும் ஓடை வளைவிலும் படிந்திருக்கிறது. என்னுடையதும் ரேடியோ சித்தப்பாவுடையதும் சேர்ந்து. "ரெண்டும் கலந்துபோச்சும்மா. இனி எது யாருதுன்னு பிரிக்கவா முடியும்? நீயே அள்ளிக்க. வர்ற தடவ எனக்கும் கலந்து விதைக்கச் சொல்லிக் குடு" என்றார். அவர் கேலியாகப் பேசவில்லை. கேலியாகப் பேசியிருக்கலாம்.

வெயில் ஏறி இறுகுவதற்குள் அதை வாரி மேலே கொட்ட வேண்டும். பிறகு சரிவுக்குக் குறுக்கே கல் வரப்பு, அதன்மேல் புல். அதற்கப்புறம்தான் விதை. ஒரு ஆளால் ஆகாது.

கூலிக்கு ஆள் கிடைக்கும். நான் கேட்பது அதை இல்லை. வா.

தங்கை


நவம்பர் 14

தங்கைக்கு,

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அடித்த வரியை வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். நீ எழுதியது சரி.

மண்ணுக்குக் கட்டம் இல்லை. தேடிப் பார்த்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. அடுத்த பருவத்துக்கான பட்டியல் திரையில் வந்தது. பழைய பதிவுகள் தானாகவே அதில் வரும். நம் நிலமும் இருந்தது. பயிர்: மக்காச்சோளம். சரி என்று ஒரு தட்டுத் தட்டினால் போதும். நீக்கினேன். நீக்கினால் காரணம் கேட்கும். மேனேஜரும் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

"ஏன்யா, உங்க நிலம்தானே?"

"தங்கச்சி நிலம் சார்."

"பேப்பர்ல உங்க பேருல்ல இருக்கு."

"அதையும் மாத்தணும் சார்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அப்புறம் கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பிக்காரர் உழச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அவர் வந்தபோது வெறும் மண்தான் இருந்தது என்று சொன்னேன். இன்னொரு பொய். அதை வைத்துக்கொள்கிறேன்.

வேலை இருக்காது. தொகையைத் திருப்பிக் கேட்பார்கள்; தொடாமல் வை. நீ உழுததற்கு இப்போது ஓர் அர்த்தமும் இல்லாமல் செய்துவிட்டேன். தெரிந்துதான் செய்தேன். அந்த வேலை நிலைத்திருக்க, உன் நிலம் ஓடையில் கிடக்க, நான் நாளைக்கு இன்னொரு வயலில் போய் நின்று இழப்பு இவ்வளவு என்று எப்படி எழுதுவேன்?

அண்ணியிடமும் சொன்னேன். பாப்பா தூங்கிய பிறகு அலமாரியைக் குடைந்து என் பழைய பேண்ட் ஒன்றை எடுத்து வைத்தாள். "இதுதான் கிழிஞ்சாலும் பரவால்ல" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அதில் எவ்வளவு கோபம், எவ்வளவு சம்மதம் என்று எனக்குத் தெரியவில்லை. போய்ச் சேர்ந்ததும் அவளுக்கும் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். எவ்வளவு நாள் இருப்பேன் என்று கேட்காதே.

எனக்கு மண் சுமந்து பழக்கமில்லை. முதல் நாள் பாதி வழியில் கொட்டிவிடுவேன். நீ சிரிப்பாய். சிரி.

அண்ணன்